பிர்தௌஸ் நேராக்கிய சான்றிதழ்

பட்டம் வாங்கக் காலேஜுக்குப் போக வேண்டும். வாங்கிய பட்டம் ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால், கள்ளக்குறிச்சியில் ஜன்னதுல் பிர்தௌஸிடம் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அமீனுல்லா பாய் வைத்திருக்கும் அச்சுக்கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போகும். தியாகதுருகத்திலிருந்து கல்யாணமாகி வந்த மறு வருஷம் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் ஜெபீனா இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடையில் கம்ப்யூட்டர் மாறியது, நாற்காலி மாறியது, ஆள் மாறவில்லை.

நம் பக்கத்தில் பெயரை மொட்டையாகப் போட்டால் யாருக்கும் பிடிக்காது. பத்திரிகையில் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லையென்றால், அவரைச் சட்டை போடாமல் மேடையில் நிறுத்திவிட்ட மாதிரி கூசிப்போவார். அதனால் பி.ஏ. இருந்தால் பி.ஏ., இல்லாவிட்டால் 'ரியல் எஸ்டேட்', அதுவும் இல்லாவிட்டால் 'விவசாயம்'. படிப்பைப் பாதியில் விட்டவர்கள்கூட விட்ட படிப்பைப் போட்டுக்கொள்வார்கள். இதையெல்லாம் நான் கேலியாகச் சொல்லவில்லை. என் பெயருக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அது இல்லாத பத்திரிகையைப் பார்த்தால் எனக்கும் ஒரு நிமிஷம் முகம் சுண்டும்.

பட்டத்தால் கடைக்கு ஒருமுறை பெரிய வம்பு வந்தது. ஒரு தாய்மாமன் போனிலேயே தன் பட்டத்தை எம்.காம். என்று சொல்லிவிட்டார். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. கல்யாணத்தில் பெண் வீட்டுப் பக்கம் ஒரு வாத்தியார் எந்தக் காலேஜ், எந்த வருஷம் என்று விசாரிக்கப் போக, மாமன் பி.காம்.கூட முடிக்கவில்லை என்பது வெளியே வந்தது. மனுஷன் நேராகக் கடைக்கு வந்து, "நான் சொல்லவே இல்ல, இவங்களா போட்டுட்டாங்க" என்று ஒரே சத்தம். அன்றைக்கு பிர்தௌஸ் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தாள். 'பெயர், பட்டம், தேதி சரி பார்த்தேன்.' ப்ரூஃப் காகிதத்தில் அந்த முத்திரை விழும். அதன்கீழ் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். கலெக்டரே வந்தாலும் இதுதான் சட்டம் என்பாள். அமீனுல்லா பாய்க்கும் அவளிடம் கொஞ்சம் பயம்தான்.

அந்தக் கையெழுத்து நேரத்தில் அவள் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். பட்டம் உண்மை என்றால் ஆள் பேனாவை வாங்கி, போட்டுவிட்டு, காபி எங்கே என்று கேட்பான். பொய் என்றால் பேனா மூடியைக் கழற்றுவான், மாட்டுவான், மறுபடி கழற்றுவான். "அண்ணே, மூடி தேஞ்சிடப் போவுது. படிச்சீங்களா இல்லியா, ஒண்ணு சொல்லுங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாள். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஆசை வந்து சேர்ந்தது.

கரியாலூரில் ஒரு அறக்கட்டளை பெண்களுக்குப் புதிதாகப் பயிற்சி மையம் தொடங்கி, திறப்பு விழாவுக்கு முன்பே வகுப்புகளை ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவள் ரெஜினா. எலவனாசூர்கோட்டைக்காரி, பிர்தௌஸைவிடச் சின்னவள், அறக்கட்டளையின் போஸ்டர் வேலைக்காக மாதம் ஒருமுறை கடைக்கு வருவாள். ஒருநாள் அவளே கேட்டாள்.

"அக்கா, மலையில பொண்ணுங்களுக்கு டிசைன் கிளாஸ் எடுக்க ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறீங்களா? செட்டாச்சுன்னா வேலையாவே போட்டுடலாம்."

பிர்தௌஸ் போனாள். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது வயிற்றைப் புரட்டியது. இந்தத் தலைவலி நமக்கு எதற்கு என்று திட்டிக்கொண்டுதான் இறங்கினாள். சாயங்காலம் திரும்பும்போது அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. அங்கே அம்சவள்ளி என்று ஒரு பெண். தேனும் கடுக்காயும் பலாப்பழமும் விற்கிறவள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற குடும்பஸ்தி. மவுஸை முதல்நாள் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்தாள். மூன்றாவது வாரம் தன் தேன் பாட்டிலுக்குத் தானே ஒரு லேபிள் செய்துவிட்டாள். எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது, தேனீ பார்ப்பதற்கு ஈ மாதிரி இருந்தது. ஆனால் அம்சவள்ளி அதை எடுத்துக்கொண்டு மையம் முழுக்கக் காட்டிவிட்டு வந்து, "டீச்சர், நான்தான் செஞ்சேன்னா எவளும் நம்ப மாட்றா" என்றாள்.

டீச்சர். அந்த ஒரு வார்த்தை பிர்தௌஸை என்னவோ செய்துவிட்டது. அதுவரை அவள் 'டைப் அடிக்கிற பொண்ணு'. நாற்பது வயதாகியும் பொண்ணு. பிளஸ் டூவில் நல்ல மார்க். மேலே படிக்கலாம் என்று இருந்தபோது சம்பந்தம் வந்தது, நல்ல இடம், கல்யாணம் முடிந்தது. அதில் யார்மேலும் அவளுக்குக் கோபம் இல்லை. அவள் புருஷன் அப்துல்லா தங்கமான மனுஷன், பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். இருந்தாலும் ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வால் ஒட்டிவிட்டுக்கொண்டு, தான் மட்டும் மொட்டையாக உட்கார்ந்திருப்பது நாளுக்கு நாலு தடவையாவது உறுத்தும். அந்த டீச்சர் வேலை வேண்டும். எப்படியாவது வேண்டும். இவ்வளவு ஆசைப்பட்டு அவள் எதையும் கேட்டதில்லை.

அடுத்த தடவை கடைக்கு வந்தபோது ரெஜினா சொன்னாள், "கமிட்டியில உங்களப் பத்திச் சொல்லிட்டேங்க்கா. ஏதோ ஒரு டிகிரி இருந்தா போதும்னாங்க. இருக்குதுல்ல?"

பிர்தௌஸ் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "இருக்குது மேடம்" என்றாள். வாய் முந்திக்கொண்டது.

அன்றைக்கே போனில் தேட ஆரம்பித்தாள். போனுக்குத்தான் நம் மனசு நம்மைவிட முன்னால் தெரிந்துவிடுகிறதே. மறுநாளே ஒரு விளம்பரம் வந்து நின்றது. 'உங்கள் அனுபவமே உங்கள் பட்டம். வகுப்பு இல்லை. தேர்வு இல்லை.' கூப்பிட்டால் ஒருவன் தேன் ஒழுகப் பேசினான். எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டான். சொன்னாள். "மேடம், நீங்க ஏற்கெனவே படிச்சு முடிச்சிட்டீங்க மேடம். நாங்க பேப்பர்ல எழுதித் தர்றோம், அவ்ளோதான்" என்றான்.

இதைக் கேட்டதும் பிர்தௌஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏமாற்றுக்காரன் பேச்சில் பாதியாவது நமக்குத் தோன்றிய உண்மையாகத்தான் இருக்கும், அதனால்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது. அவள் வேலை செய்தது பொய்யா? கற்றது பொய்யா? பிறகு அதற்கு ஒரு காகிதம் கேட்பதில் என்ன தப்பு? நகைச்சீட்டுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினாள். வீட்டில் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு பட்டம் போனுக்கு வந்தது. டிசைனில் பி.ஏ. கூடவே மார்க் ஷீட். அவள் பெயர்கூடக் கேள்விப்படாத பாடங்களில் எல்லாம் முதல் வகுப்பு. 'மேலைநாட்டுக் கலை வரலாறு' என்ற பாடத்தில்தான் மார்க் அதிகம்.

கடையில் யாரும் இல்லாதபோது அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாகத் திறந்தாள். திறந்ததும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, ஓரத்தில் இருந்த அந்தத் தங்க முத்திரை. அது இலவசமாகக் கிடைக்கிற முத்திரை, போன பொங்கலுக்குக் கபடிப் போட்டிச் சான்றிதழில் அவளே அதைப் போட்டிருக்கிறாள். பரவாயில்லை, எல்லாரும் எடுத்துப் போடுகிறதுதான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். இரண்டாவது, அவள் பெயர் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. துணைவேந்தர் கையெழுத்து கோடு தாண்டிச் சரிந்து தொங்கியது.

வேலை தெரிந்தவள் கண்ணில் கோணல் பட்டால் கை சும்மா இருக்குமா? பெயரை நகர்த்தி நடுவில் வைத்தாள். கையெழுத்தை நிமிர்த்திக் கோட்டின்மேல் உட்கார வைத்தாள். முத்திரையின் மங்கல் மஞ்சளை எடுத்துவிட்டு நல்ல பொன்னிறம் கொடுத்தாள். கெட்டி அட்டையில் அடித்து லேமினேட்டும் போட்டாள். இத்தனையும் செய்யும்போது தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை, ஒரு வேலையைச் சுத்தமாக முடித்த நிம்மதிதான் இருந்தது. வேறு யார் கையிலாவது அந்தக் காகிதம் கிடைத்திருந்தால் கோணலோடு பெட்டியில் போய்த் தூங்கியிருக்கும்.

இருந்தாலும் உள்ளே எங்கேயோ ஒரு முள். அந்த ஆளுக்கே போன் போட்டாள். "இது இங்க செல்லும்ல தம்பி?"

"சர்வதேச அங்கீகாரம் மேடம். நீங்க எம்.ஏ.வும் சேத்து எடுத்துக்கங்க. இந்த மாசம் ஆஃபர். கொஞ்சம் ஜாஸ்தி போட்டா டாக்டர் பட்டமே தந்துடலாம்."

போனை வைத்துவிட்டாள். டாக்டர் பட்டத்துக்கு ஆஃபரா என்று நினைத்து, நினைத்ததை உடனே அழுத்தி வைத்தாள். ஆசை இருக்கிற இடத்தில் சந்தேகத்துக்கு உட்கார இடம் கிடைக்காது.

மையத்தின் திறப்பு விழா நெருங்கியது. ஃப்ளெக்ஸ் ஆர்டரோடு ரெஜினாவே வந்தாள். தலைவர், செயலாளர், வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் வாலோடு ஏறியது. கடைசி வரி பயிற்றுநர். பிர்தௌஸ் தன் பெயரைத் தானே அடித்தாள். ஜன்னதுல் பிர்தௌஸ், பி.ஏ. (டிசைன்). அந்த எழுத்துகளைத் தன் பெயருக்குப் பின்னால் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. ப்ரூஃப் எடுத்தாள். பழக்க தோஷத்தில் ஸ்டாம்பையும் குத்தி, பேனாவோடு ரெஜினா பக்கம் தள்ளினாள்.

ரெஜினா படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தள்ளினாள். "மத்தவங்கள்து எல்லாம் எனக்குத் தெரியும், நான் போடறேன். உங்க பட்டத்துக்கு நான் எப்பிடிக்கா கையெழுத்துப் போட முடியும்? அதுக்கு நீங்களே போடுங்க."

பிர்தௌஸ் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். ஏதோ ஞாபகம் வந்தவள் போல மாட்டினாள். கமா சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடி கழற்றினாள். மாட்டினாள்.

அப்போதுதான் தன் கையையே அவள் பார்த்தாள்.

தாய்மாமன்கள், சித்தப்பன்கள், மாப்பிள்ளைத் தோழன்கள் என்று அவள் வாயில் விழுந்து அவமானப்பட்டவர்கள் அத்தனை பேரும் கண்முன்னால் வந்து போனார்கள். முகம் எரிந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம், எனக்கு டிகிரி இல்ல."

"இன்னாக்கா சொல்றீங்க? இருக்குதுன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். அப்புறம் அந்தப் பொய்ய உண்மையாக்கறதுக்குக் காசு கட்டினேன்." மேஜைக்குள் இருந்து லேமினேட் செய்த அட்டையை எடுத்து வைத்தாள். "இந்தாங்க, இதான். வேலை செஞ்ச அனுபவத்துக்குக் குடுக்கறாங்களாம். இந்த சீலு நானே கபடிக்குப் போட்டது மேடம். பேரு கோணலா வந்துச்சு. நான்தான் நேராக்கினேன்."

ரெஜினா அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கோபப்பட வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மறுபடி கோபப்பட்டாள். "உங்கள நம்பி கமிட்டியில பேரு குடுத்துட்டேனே அக்கா! இத எடுத்துக்கினு நான் போயிருந்தா என் வேலையும்ல போயிருக்கும்?"

ரெஜினா போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேய்த்தாள். பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுகிற பட்டியலில் அட்டையில் இருந்த பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. இருக்கும் என்று இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

"அப்ப ஆன்லைன்ல படிக்கிறது எல்லாமே டூப்புதானா?" என்று பிர்தௌஸ் கேட்டாள்.

"யாரு சொன்னா? நம்ம ஆபீஸ் ராபின் ஆன்லைன்லதான் எம்.சி.ஏ. முடிச்சான். இந்த லிஸ்ட்ல இருக்கிற காலேஜ்ல சேந்து, வருஷக்கணக்கா படிச்சு, பரீட்சை எழுதி பாஸ் பண்ணான். அது செல்லும். படிக்காமலே, வேலை செஞ்சதுக்கு டிகிரின்னு எவனாவது குடுத்தா அது இங்க செல்லாதுக்கா."

"அப்ப இத்தினி வருஷம் நான் செஞ்சது ஒண்ணுமே இல்லியா மேடம்?" அவள் கேட்க நினைத்ததே இந்த ஒரு கேள்விதான். போனில் பேசியவனிடம் காசு கட்டியதும் இதற்குத்தான்.

ரெஜினாவின் கோபம் இறங்கியது. "அது அனுபவம். அதுக்கு அனுபவம்னுதான் பேரு. இவ்ளோ வருஷம் இங்க வேலை பாத்தாங்கன்னு அமீனுல்லா பாய் ஒரு லெட்டர் குடுத்தா நான் கமிட்டியில தைரியமா வைப்பேன். அத எதுக்கு இன்னொரு வேஷம் போட்டு அனுப்பறீங்க?"

பிர்தௌஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பினாள். தன் பெயருக்குப் பின்னால் இருந்ததை அழித்தாள். மொட்டையாக நின்ற பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வீம்போடு 'பிளஸ் டூ' என்று அடித்தாள்.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்துல்லா முழுக்கக் கேட்டுவிட்டு, "பரீட்சையே எழுதாம பாஸா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் டாக்டர் பட்டம் வாங்கியிருப்பேனே. 'டாக்டர் அப்துல்லா பிளாஸ்டிக்ஸ்'னு போர்டு வெச்சா குடம் இன்னும் நாலு ஜாஸ்தி போவும்" என்றார். பிர்தௌஸ் கரண்டியை ஓங்கினாள். அவர் சிரித்து முடித்துவிட்டு, போன காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "உனக்குப் படிக்கணும்னு இருந்தா நெஜமாவே படியேன். வூட்ல யாரு வேணாம்னா?" என்றார். அவள் அதுவரை அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் அழுதாள்.

ஜெபீனாதான் பட்டியலைப் பார்த்து, நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஆன்லைனில் பி.காம். சேர்த்துவிட்டாள். பி.காம். ஏன் என்றால், புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது. "இனிமே நான் உனக்கு சீனியர்ம்மா. மரியாதையா பேசு" என்று முதல்நாளே சட்டம் போட்டாள். பயிற்சி மையத்துக் கமிட்டி, டிகிரி இல்லாதவரைப் பயிற்றுநராகப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. ராபினைப் பயிற்றுநராக்கி, பிர்தௌஸைத் துணைப் பயிற்றுநராக எடுத்தார்கள். சம்பளம் கம்மி, வாரத்தில் இரண்டே நாள். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு பஸ் ஏறிவிட்டாள்.

திறப்பு விழா அன்றைக்கு மையத்து வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. எம்.எஸ்.டபிள்யூ., எம்.பில்., எம்.சி.ஏ. என்று வரிசையாக வந்து, கடைசியில் ஜன்னதுல் பிர்தௌஸ், பிளஸ் டூ. மலைக்குக் கீழேயிருந்து வந்த விருந்தாளிகள் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு வாய்க்குள் சிரித்தார்கள். பிர்தௌஸுக்குக் காது சூடானது. எதற்காக இந்த வீம்பு, மொட்டையாகவே விட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அம்சவள்ளி வந்து பக்கத்தில் நின்று, எழுத்துக் கூட்டி அந்த வரியைப் படித்தாள்.

"டீச்சர், பிளஸ் டூன்னுகூடப் போட்டுக்கலாமா?"

"படிச்சிருந்தா போட்டுக்கலாம்."

"அப்ப நான் எட்டாவது பாஸு. எம் பேருக்கும் போடலாமா?"

அடுத்த வாரமே கரியாலூரில் தேன் பாட்டில்கள் புது லேபிளோடு வந்தன. 'மலைத்தேன். அம்சவள்ளி, எட்டாம் வகுப்பு.' அருவி பார்க்க வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். அந்தத் தேனீ இந்தத் தடவை தேனீ மாதிரியே இருந்தது.

படிப்பு அவ்வளவு சுலபமாக இல்லை. கடை, மலை, சமையல், நோன்பு மாதம் எல்லாவற்றுக்கும் நடுவில் பாடம். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு போனில் வகுப்பு அறுந்து அறுந்து வரும். பொருளாதாரம் புரிந்தது, கணக்குப் பதிவியல் தண்ணி காட்டியது. ஜெபீனா சொல்லிக்கொடுத்து, இரண்டு பேரும் சண்டை போட்டு, ஒருநாள் புத்தகம் பறந்து அப்துல்லாவின் டீ டம்ளரில் விழுந்தது. முதல் வருஷ ரிசல்ட்டில் எல்லாம் பாஸ், கணக்குப் பதிவியல் மட்டும் அரியர். பிர்தௌஸ் அந்த மார்க் பட்டியலைக் கம்ப்யூட்டரில் பெரிதாகத் திறந்து வைத்துப் பார்த்தாள். அதிலும் அவள் பெயர் கொஞ்சம் ஒரு பக்கமாகத்தான் தள்ளியிருந்தது. அப்படியே மூடிவிட்டாள்.

மையத்தின் முதல் ஆண்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் டிசைன் செய்தது அம்சவள்ளி. ப்ரூஃபைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக பிர்தௌஸிடம் வந்தாள். கடை முத்திரை மையத்தில் இல்லாததால், வகுப்பில் பிர்தௌஸ் சொல்லிக் கேட்ட வரியைக் காகிதத்தின் அடியில் தன் கையாலேயே எழுதியிருந்தாள். 'பெயர், பட்டம், தேதி சரி பார்த்தேன்.'

கடைசி வரியில் இருந்தது: ஜன்னதுல் பிர்தௌஸ், பி.காம். (முதலாம் ஆண்டு).

"இது இன்னாடி, முடிக்காததப் போட்டிருக்கே?"

"முதலாம் ஆண்டு முடிச்சீங்கள்ல டீச்சர்? அதத்தான் போட்டிருக்கேன்."

"ஒரு அரியர் இருக்குது."

"அதயும் போடட்டுமா?"

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு" என்று பிர்தௌஸ் காகிதத்தை ஓரமாக வைக்கப் போனாள். அம்சவள்ளி விடவில்லை. பேனாவை எடுத்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போட்டாத்தான் அடிக்கக் குடுப்பேன் டீச்சர். கலெக்டரே வந்தாலும் இதான் சட்டம்."

பிர்தௌஸ் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள், கையெழுத்துப் போட்டாள், மூடியை மாட்டினாள். "காபி எங்கடி?" என்று கேட்டாள்.